பதிவேட்டிலிருந்து ஏலமேடைக்கு: சண்டிகர் நாற்காலிகளும் பழுதுபார்ப்பின் வரலாறும்

பாரிஸ், லண்டன், நியூயார்க் நகரங்களில் நடக்கும் வடிவமைப்புப் பொருள் ஏலங்களின் விற்பனைப் பட்டியல்களில் கடந்த இருபது ஆண்டுகளாக ஒரு நாற்காலி திரும்பத் திரும்ப இடம்பெற்று வருகிறது. தேக்குச் சட்டம், இருக்கையிலும் முதுகுச் சாய்விலும் பிரம்புப் பின்னல், கவராயத்தின் இரு முனைகளைப் போல் விரிந்து நிற்கும் கால்கள். அதன் படத்தோடு பெரும்பாலும் இன்னொரு படமும் இருக்கும். சட்டத்தின் பின்புறத்தில் வண்ணப்பூச்சால் கையெழுத்தாக எழுதப்பட்ட சில எழுத்துகளும் எண்களும் அதில் காணப்படும். வாங்குவோர் அந்த எழுத்துகளைத் தேடிப் பார்க்கிறார்கள்; அவை இருந்தால் விலை கூடுகிறது.

அவற்றை எழுதியவர் கலைஞர் எவருமில்லை. உயர் நீதிமன்றம், பல்கலைக்கழகம், தலைமைச் செயலகம், கல்லூரி என ஏதோ ஓர் அரசு நிறுவனத்தின் பண்டகப் பிரிவு ஊழியர், இருப்புக் கணக்கெடுப்புக்காக எழுதிய குறியீடு அது. இந்த நாற்காலி எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது, பதிவேட்டில் எத்தனையாவது உருப்படி என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கணக்கில் வைப்பதற்காக எழுதப்பட்ட எண், கணக்கிலிருந்து நீக்கப்பட்ட பிறகு மதிப்பின் சான்றாக மாறிவிட்டது.

சண்டிகரின் அறைகலன்கள் 1950களிலும் 1960களிலும் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. அவற்றுள் பல நாற்பது, ஐம்பது ஆண்டுகள் உழைத்தன. பின்னர் உடைசல் என்று கழிக்கப்பட்டு மிகச் சிறு தொகைக்கு ஏலம் போயின. அதன்பின் வெளிநாடுகளில் லட்சக்கணக்கான ரூபாய்க்கு விற்கப்பட்டன. இவ்வரலாறு பெரும்பாலும் இரண்டு வகையில் சொல்லப்படுகிறது. ஒன்று, அந்நிய வணிகர்கள் பாரம்பரியத்தை அள்ளிச் சென்ற கதை. மற்றொன்று, தன் செல்வத்தின் அருமை அறியாத அதிகார வர்க்கத்தின் கதை. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும், வீட்டிலும் அலுவலகத்திலும் ஏற்கெனவே இருக்கும் பொருள்களைப் பேணி நெடுங்காலம் பயன்படுத்துவதே சூழலுக்கு இசைந்த உள்ளலங்காரம் என்று பேசப்படும் இக்காலத்தில், இவ்விரு கதைகளும் தொடாத கேள்வி ஒன்று முக்கியமாகிறது. நீடித்து உழைக்கும்படி செய்யப்பட்ட பொருள், உழைக்கும் நிலையில் இருக்கும்போதே எவ்வாறு வெளியேற்றப்பட்டது? இதற்கான விடையை மரத்தின் தரத்தில் தேடிப் பயனில்லை. பழுதுபார்ப்பு என்ற ஏற்பாடு எப்படி இருந்தது, எப்படி மறைந்தது என்ற வரலாற்றில்தான் அது கிடைக்கிறது.

1947ஆம் ஆண்டுப் பிரிவினையில் பஞ்சாபின் தலைநகரான லாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றது. இந்தியப் பகுதியில் எஞ்சிய கிழக்குப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லை. சிம்லாவிலிருந்து தற்காலிகமாக நிர்வாகம் நடந்தது. புதிய தலைநகருக்கு முதலில் திட்டம் வரைந்தவர்கள் அமெரிக்கரான ஆல்பர்ட் மேயரும் போலந்தைச் சேர்ந்த மாத்யூ நோவிட்ஸ்கியும். 1950இல் நோவிட்ஸ்கி விமான விபத்தில் இறந்தபின், பஞ்சாப் அரசின் அதிகாரி பி.என். தாப்பரும் தலைமைப் பொறியாளர் பி.எல். வர்மாவும் ஐரோப்பா சென்றனர். அதன் விளைவாக லெ கார்புசியே, அவருடைய ஒன்றுவிட்ட சகோதரர் பியேர் ஜான்னரே, ஆங்கிலக் கட்டடக் கலைஞர்களான மேக்ஸ்வெல் ஃப்ரை, ஜேன் ட்ரூ இணையர் ஆகியோர் இப்பணிக்கு அமர்த்தப்பட்டனர். கார்புசியே அவ்வப்போது வந்து சென்றார். ஃப்ரையும் ட்ரூவும் மூன்றாண்டுகளில் திரும்பினர். ஜான்னரே மட்டும் 1951 முதல் 1965 வரை சண்டிகரிலேயே தங்கினார். 1955இல் உயர் நீதிமன்றம் திறக்கப்பட்டது. 1958இல் தலைமைச் செயலகம் நிறைவுற்றது. 1960களின் தொடக்கத்தில் சட்டமன்றக் கட்டடம் முடிந்தது. கூடவே பல்கலைக்கழகம், கல்லூரிகள், நூலகங்கள், மருத்துவமனைகள், ஆளுநர் முதல் கடைநிலை ஊழியர் வரையிலானோருக்கு வகைவகையான அரசுக் குடியிருப்புகள் ஆகியனவும் எழுந்தன.

ஒரு நகரமே புதிதாக எழும்போது, அதன் ஒவ்வோர் அறைக்குள்ளும் வைக்கப் பொருள் வேண்டும். அந்தத் தேவையின் அளவை எண்ணிப் பார்த்தால்தான் இந்நாற்காலியின் வடிவம் புரியும். நீதிபதியும் எழுத்தரும், மாணவரும் நூலகரும், மனு கொடுக்க வந்து காத்திருப்பவரும் அமர்வதற்கு ஒரே காலத்தில், ஒரே நகரில், சிக்கனமான செலவில் ஆயிரக்கணக்கான இருக்கைகள் தேவைப்பட்டன. லாகூரில் விட்டு வந்தவற்றுக்கு ஈடாகப் பழைய பொருள் எதுவும் கையில் இல்லை.

இங்கு ஜான்னரேயின் முன்வரலாறு கருதத்தக்கது. 1920களின் இறுதியில் கார்புசியே, ஷார்லொட் பெரியாண் ஆகியோருடன் சேர்ந்து அவர் உருவாக்கிய அறைகலன்கள் எஃகுக் குழாயால் ஆனவை. 1929இல் பாரிஸில் காட்சிக்கு வைக்கப்பட்டவை. இயந்திர யுகத்தின் அடையாளமாக இன்றும் போற்றப்படுபவை. அதே மனிதர் சண்டிகரில் மரத்துக்கும் பிரம்புக்கும் கயிற்றுக்கும் மாறினார். எஃகு அரிதாகவும் விலை மிகுந்தும் இருந்த நாட்டில், கைத்தொழில் வல்லோர் நிறைந்திருந்த சூழலில், அந்த மாற்றம் இயல்பானதே. தம் வீட்டுக்காக மூங்கிலையும் கயிற்றையும் கொண்டு இருக்கைகளைச் செய்து பார்த்தார்; கட்டுமானத்துக்குப் பயன்படும் இரும்புக் கம்பிகளை வளைத்துக் கயிறு பின்னியும் நாற்காலி செய்தார். பொதுக் கட்டடங்களுக்குத் தேக்கும், ஈட்டி மரத்தின் இனமான சீஷமும் தேர்ந்தெடுக்கப்பட்டன. வட இந்தியாவின் கடுங்கோடை, மழைக்கால ஈரப்பதம், கரையான் ஆகிய மூன்றையும் தாங்கும் மரம் தேக்கு. காற்று புகும் பிரம்புப் பின்னல், குளிர்சாதனம் இல்லாத அறையில் நாள் முழுதும் அமர்ந்திருப்போரின் முதுகுக்கு இதமானது.

உள்ளலங்காரம் என்ற சொல் இங்கே அழகூட்டலைவிட விரிந்த பொருளில் வழங்கத் தக்கது. உயர் நீதிமன்றத்தின் நீதிமன்ற அறைகளில் தொங்கும் பெரிய கம்பளித் திரைகளை எடுத்துக்கொள்ளலாம். கார்புசியே வரைந்த வடிவங்களைக் கொண்டு காஷ்மீரில் நெய்யப்பட்ட அவை, சுவரை அலங்கரிப்பதோடு காங்கிரீட் அறையின் எதிரொலியையும் உறிஞ்சின. வழக்கறிஞரின் வாதம் தெளிவாகக் கேட்பதற்கு அந்தக் கம்பளி தேவைப்பட்டது. அழகு, பயன், உள்நாட்டுக் கைத்தொழில் மூன்றும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தன என்பதே சண்டிகர் உள்ளறைகளின் பொது இயல்பு.

இதைச் சமத்துவத்தின் பொற்காலமாகக் காட்டுவதும் சரியாகாது. தலைமைச் செயலகத்திலும் நீதிமன்றத்திலும் இருக்கைகள் பதவிக்கேற்ப வேறுபட்டன. உயர் பதவியினருக்குத் தோல் அல்லது துணி உறையிட்ட, பஞ்சு வைத்த இருக்கைகள். எழுத்தருக்கும் மாணவருக்கும் பிரம்பு இருக்கைகள். ஆனால் சட்டத்தின் இலக்கணம் எல்லாவற்றுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். தடித்த மரச் சட்டங்கள், விரிந்த கால்கள், எளிய இணைப்புகள் ஆகிய சில கூறுகளை மாற்றி மாற்றிச் சேர்த்து நாற்காலி, சாய்வு நாற்காலி, விசிப்பலகை, வாசிப்பு மேசை, நூலடுக்கு என ஒரு குடும்பமே உருவாக்கப்பட்டது. கூறுகள் குறைவாகவும் எளிமையாகவும் இருந்ததால் எந்தத் தச்சரும் அவற்றைச் செய்ய முடிந்தது. அதே காரணத்தால் எந்தத் தச்சரும் அவற்றைப் பழுதுபார்க்கவும் முடிந்தது.

இதிலிருந்து ஆசிரியம் பற்றிய சிக்கல் தொடங்குகிறது. உலகச் சந்தையில் இப்பொருள்கள் அனைத்தும் ஜான்னரேயின் பெயரால் விற்கப்படுகின்றன. அவருடைய பங்கு மையமானது என்பதில் ஐயமில்லை. எனினும் அவர் தலைமையில் இயங்கிய அலுவலகத்தில் இந்தியக் கட்டடக் கலைஞர்களின் அணி ஒன்று இருந்தது. யூலி சௌத்ரி, ஜீத் மல்கோத்ரா, ஆதித்ய பிரகாஷ் முதலியோர் அதில் பணியாற்றினர். அறைகலன் வடிவமைப்பில் பங்குகொண்ட யூலி சௌத்ரி பின்னாளில் சண்டிகரின் தலைமைக் கட்டடக் கலைஞராகவும் விளங்கினார். வரைபடம் அலுவலகத்திலிருந்து சென்றது. செய்தவர்கள் வெவ்வேறு பட்டறைகளைச் சேர்ந்த தச்சர்கள். எனவே ஒரே வகை நாற்காலியிலேயே சட்டத்தின் பருமன், சாய்வுக் கோணம், கைப்பிடியின் வளைவு ஆகியன பட்டறைக்குப் பட்டறை மாறுகின்றன. ஒரே கையின் படைப்பைத் தேடும் சந்தைக்கு இந்த வேறுபாடுகள் இடையூறு. வரலாற்று மாணவருக்கோ அவை முதன்மைச் சான்று. பெயர் பதியப்படாத பல கைகள் விட்டுச்சென்ற தடயங்கள் அவை.

அடுத்து, பொருளின் ஆயுள். சண்டிகர் நாற்காலியில் இரண்டு காலங்கள் ஒன்றாக உறைகின்றன. மரச் சட்டத்தின் ஆயுள் பல பத்தாண்டுகள். பிரம்புப் பின்னலின் ஆயுள் அதைவிட மிகக் குறைவு. நாள்தோறும் அமரும் இருக்கையில் பின்னல் சில ஆண்டுகளில் தளர்ந்து அறுந்துவிடும். வடிவமைத்தோர் இதை அறிந்தே செய்தனர். விரைவில் தேயும் பகுதியைத் தனியே மாற்றிக்கொள்ள முடிந்தால், நெடுநாள் உழைக்கும் பகுதி வீணாகாது. ஆகவே பின்னல் அறுவது இப்பொருளின் குறை ஆகாது; அதன் இயல்பான சுழற்சி. ஆனால் அந்தச் சுழற்சி தொடர வேண்டுமானால் மூன்று வேண்டும்: பின்னத் தெரிந்த ஆள், தடையின்றிக் கிடைக்கும் பிரம்பு, அவ்விரண்டுக்கும் ஒதுக்கப்பட்ட சிறு தொகை. இம்மூன்றும் இருக்கும்வரை நாற்காலி நீடித்து உழைக்கும் பொருள். இவற்றுள் ஒன்று இல்லாமற்போனாலும் அதே நாற்காலி ஓட்டை விழுந்த மரச் சட்டம்.

நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல் இந்தியாவில் சிறிய தொழில் அன்று. பார்வையற்றோருக்கான பள்ளிகளிலும் பயிற்சி நிலையங்களிலும் நெடுங்காலமாகக் கற்பிக்கப்பட்ட தொழில் அது. விரல்களின் நினைவால் செய்யப்படும் வேலை என்பதால் பார்வையற்றோர் பலர் அதில் தேர்ந்தனர். அரசு அலுவலகங்களில் நாற்காலி பின்னுவோருக்கெனப் பணியிடங்களே இருந்தன. பார்வையற்ற பலருக்கு அது நிலையான அரசு ஊதியத்துக்கான வழியாக அமைந்தது. அலுவலகங்கள் வார்ப்பு நெகிழி நாற்காலிக்கும் பஞ்சு வைத்த சுழல் நாற்காலிக்கும் மாறத் தொடங்கியபோது அத்தொழிலின் தேவையும் சுருங்கியது. பிரம்பு நாற்காலி வெளியேறியதால் பின்னுவோர் குறைந்தனர். பின்னுவோர் குறைந்ததால் எஞ்சிய பிரம்பு நாற்காலிகளும் வெளியேறின. அறைகலன் வரலாறு என்பது தொழிலாளர் வரலாறும் ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நிர்வாக மாற்றமும் இதில் பங்கு வகித்தது. 1966 நவம்பர் 1 அன்று பஞ்சாப் பிரிக்கப்பட்டு ஹரியானா உருவானது; சண்டிகர் மத்திய ஆட்சிப் பகுதியாகவும் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராகவும் ஆனது. தலைமைச் செயலகமும் சட்டமன்றக் கட்டடமும் இரு மாநிலங்களுக்கிடையே பகிரப்பட்டன. உயர் நீதிமன்றம் இரண்டுக்கும் பொதுவானது. ஓர் அரசின் ஒரே திட்டமாக உருவான அறைகலன் தொகுதி, அதன்பின் பஞ்சாப், ஹரியானா, மத்திய ஆட்சிப் பகுதி நிர்வாகம், பல்கலைக்கழகம் எனப் பலருடைய பதிவேடுகளில் சிதறியது. தொகுதி முழுவதையும் ஒரே பார்வையில் காணும் பொறுப்பு எவருக்கும் இல்லை. தனித்தனி அலுவலகத்தின் பார்வையில் அங்கே இருந்தது ஒரு தொகுதி அன்று. சில பழைய நாற்காலிகள் மட்டுமே.

அரசுப் பொருள்களைக் கழிக்கும் விதிகளையும் இவ்விடத்தில் நோக்க வேண்டும். இந்திய அரசின் பொது நிதி விதிகளின்படி, ஒரு துறைக்குப் பயன்படாத பொருளை உபரி என்றோ, காலாவதியானது என்றோ, பயன்பாட்டுக்கு உதவாதது என்றோ அறிவிக்கலாம். காரணத்தைப் பதிய வேண்டும். அவ்வாறு பதிய வேண்டியவர் அப்பொருளை வாங்கும் அதிகாரம் பெற்றவரே. மாநில அரசுகளின் நடைமுறையும் ஏறத்தாழ இத்தகையதே. ஊழலைத் தடுக்கும் நோக்கில் இவ்விதிகள் கவனமாக எழுதப்பட்டவை. ஆனால் அவற்றின் பார்வையில் ஒரு பொருளுக்கு உள்ள நிலைகள் இரண்டுதான்: பயன்படுவது, பயன்படாதது. பழுதுபார்த்தால் இன்னும் முப்பது ஆண்டு உழைக்கும் என்ற இடைநிலைக்கு அங்கே தனிப் பெயர் இல்லை. பழைய பொருளின் புத்தக மதிப்போ ஆண்டுதோறும் குறைந்து கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆகிவிடும். கணக்கில் மதிப்பிழந்த பொருளுக்குச் செலவு செய்வது வீண் போலவும், புதியது வாங்குவது சொத்துச் சேர்ப்பது போலவும் ஏட்டில் தோன்றும். நாற்காலியைக் கழித்த அதிகாரி விதியை மீறவில்லை. பெரும்பாலும் விதியின்படியே நடந்தார்.

பயன்படுத்தியோரின் தரப்பிலும் நியாயம் உண்டு. இந்நாற்காலிகள் கனமானவை, கால்கள் அகன்று விரிவதால் நெருக்கமான அறையில் இடத்தை அடைப்பவை. கணினியின் முன் எட்டு மணிநேரம் அமர்வதற்காக அவை வடிவமைக்கப்படவில்லை. குளிர்சாதனம் வந்த அறையில் காற்றோட்டமான பின்னலின் பயன் குறைந்தது. பழைய மேசையில் கணினிக்கும் அதன் கம்பிகளுக்கும் இடமில்லை. இவற்றோடு மதிப்புணர்வும் சேர்ந்தது. தாராளமயத்துக்குப் பிந்தைய இந்தியாவில் பளபளப்பான செயற்கைப் பலகையும் சுழல் நாற்காலியும் புதிய காலத்தின் அடையாளங்களாயின. பிரம்பு நாற்காலி பழைய சர்க்கார் அலுவலகத்தின் சோம்பலை நினைவூட்டியது. அமர்வோரின் வசதியைப் பொருட்படுத்தாமல் பழமையை வற்புறுத்தும் எந்தப் பேணல் கொள்கையும் நிலைக்காது. ஆனால் கணினி மேசைக்குப் பொருந்தாத நாற்காலி, காத்திருப்போர் கூடத்துக்கும் நூலகத்துக்கும் விடுதிக்கும் பொருந்தியிருக்கும். இடம் மாற்றிப் பயன்படுத்தலாம் என்ற அந்த எண்ணத்தைச் செயலாக்க யாருக்கும் பணி ஒப்படைக்கப்படவில்லை. மொட்டை மாடிகளிலும் கிடங்குகளிலும் நாற்காலிகள் குவிந்தன. வெயிலும் மழையும் அவற்றை உண்மையிலேயே உதவாதவை ஆக்கத் தொடங்கின.

1990களின் இறுதியிலிருந்து ஐரோப்பிய வணிகர்கள் சண்டிகரின் அரசு ஏலங்களில் இவற்றைக் குவியல் குவியலாக வாங்கினர். அந்த ஏலங்கள் சட்டப்படி நடந்தவை. வாங்கியோரிடம் ரசீது இருந்தது. பின்னாளில் இந்தியத் தரப்பிலிருந்து வெளிநாட்டு ஏலங்களுக்கு எதிர்ப்பு எழுந்தபோதெல்லாம் அந்த ரசீதே அவர்களுக்கு அரணாயிற்று. கப்பலேறிய நாற்காலிகளுக்கு அங்கே நிகழ்ந்தது என்ன என்பதைக் கவனித்தல் வேண்டும். மரம் சுத்தம் செய்யப்பட்டு மெருகிடப்பட்டது. அறுந்த பின்னல் நீக்கப்பட்டுப் புதுப் பிரம்பு பின்னப்பட்டது. கிழிந்த உறைகள் மாற்றப்பட்டன. அதாவது, சண்டிகரில் செய்யப்படாமல் விடப்பட்ட அதே பழுதுபார்ப்பு ஐரோப்பியப் பட்டறைகளில் செய்யப்பட்டது. வடிவமைப்பாளரின் புகழும் விற்பனைத் திறமும் விலையைப் பன்மடங்கு உயர்த்தின என்பது உண்மைதான். ஆயினும் குப்பைக்கும் கலைப்பொருளுக்கும் இடையே கைகளால் செய்யப்பட்ட வேலை சில நாள் வேலையே.

இப்பயணத்தை அமெரிக்கக் கலைஞர் எமி சீகல் 2013இல் எடுத்த 'ப்ராவனன்ஸ்' என்ற படம் பின்னோக்கிய வரிசையில் காட்டுகிறது. செல்வர் இல்லங்களில் தொடங்கி, ஏலக்கூடம், சீரமைப்புப் பட்டறை, கப்பல் என்று பின்னோக்கிச் சென்று சண்டிகரின் அலுவலகங்களில் அது முடிகிறது. அதே ஆண்டில் அப்படமும் லண்டனில் ஏலத்தில் விற்கப்பட்டது. சந்தையை விமரிசிக்கும் படைப்பும் சந்தைப் பொருளாகும் விந்தையைச் சீகல் திட்டமிட்டே தம் படைப்பின் பகுதியாக ஆக்கினார்.

சட்டம் இதைத் தடுத்திருக்க முடியுமா என்பது அடுத்த வினா. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக் கருவூலச் சட்டம், பொதுவாக நூறாண்டுக்குக் குறையாத பொருளையே தொல்பொருளாகக் கொள்கிறது. கையெழுத்துப் படிகளுக்கு எழுபத்தைந்து ஆண்டு. பண்பாட்டுச் சொத்துகளின் சட்டவிரோதப் பெயர்ச்சியைத் தடுக்கும் 1970ஆம் ஆண்டின் யுனெஸ்கோ உடன்படிக்கையும் அறைகலன்களுக்கு நூறாண்டு என்ற எல்லையையே வகுக்கிறது. இவ்வளவுகோலின்படி சண்டிகரின் மிகப் பழைய நாற்காலிகூட 2050களில்தான் பாதுகாப்பு வளையத்துக்குள் வரும். 1972ஆம் ஆண்டுச் சட்டத்தில் வேறொரு வழியும் உண்டு: தொல்பொருள் அல்லாத கலைப்படைப்பையும், அதன் ஆசிரியர் மறைந்த பின், மத்திய அரசு 'கலைக் கருவூலம்' என்று அறிவிக்கலாம். ரவி வர்மா, தாகூர், அம்ரிதா ஷேர்கில், நந்தலால் போஸ், ஜாமினி ராய் ஆகியோரின் படைப்புகள் அவ்வாறே அறிவிக்கப்பட்டன. ஆனால் அந்த வழி ஓர் ஆசிரியரை முன்னிறுத்தி அமைந்தது. ஓர் அலுவலகமும் பல பட்டறைகளும் சேர்ந்து செய்த, ஆயிரக்கணக்கில் பெருகிய, அமர்ந்து பயன்படுத்தும் பொருள் அந்த வாசலில் எளிதாக நுழையாது.

2011இல் மத்திய உள்துறை அமைச்சகம் சண்டிகரின் பாரம்பரியப் பொருள்களை விற்பதையும் ஏலமிடுவதையும் தடுத்து ஆணையிட்டது. பின்னர் நிர்வாகம் எடுத்த கணக்கில் 12,793 அறைகலன்கள் பாரம்பரிய உருப்படிகளாகப் பட்டியலிடப்பட்டன. 2016இல் கார்புசியேயின் படைப்புகள் ஏழு நாடுகளில் 17 இடங்களாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, சண்டிகரின் தலைமைக் கட்டட வளாகமும் அவற்றுள் ஒன்றாயிற்று. ஜான்னரே வாழ்ந்த ஐந்தாம் பிரிவு வீடு அருங்காட்சியகமாக்கப்பட்டது. நகர்த்த முடியாத கட்டடம் உலகச் சொத்தானது. நகர்த்தக் கூடிய நாற்காலி ஓர் ஆணையின் பலத்தில் நிற்கிறது. கணக்கெடுப்புக்குப் பின்னும் திருட்டுகள் பற்றிய செய்திகள் வந்துகொண்டிருக்கின்றன.

மானிடவியலாளர் மைக்கேல் தாம்சன் 1979இல் வெளியிட்ட குப்பைக் கோட்பாடு இங்கே வெளிச்சம் தருகிறது. பொருள்கள் சமூக மதிப்பில் இரு வகைப்படும் என்பார் அவர்: காலப்போக்கில் மதிப்புக் குறைபவை, காலப்போக்கில் மதிப்புக் கூடுபவை. முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு நேர்வழி இல்லை. மதிப்பு முற்றிலும் அற்ற 'குப்பை' என்ற இருண்ட இடைவெளியைக் கடந்தே செல்ல வேண்டும். சண்டிகர் நாற்காலியின் வாழ்வு இந்தக் கோட்பாட்டுக்கு எழுதி வைத்தாற்போல் பொருந்துகிறது. ஆனால் அதே வாழ்வு கோட்பாட்டின் எல்லையையும் காட்டுகிறது. மதிப்புக் குறையும் பொருள், குப்பை, மதிப்புக் கூடும் பொருள் என்ற மூன்றும் பரிமாற்ற மதிப்பைக் கொண்டு வகுத்த நிலைகள். பழுதுபார்க்கப்பட்டுத் தொடர்ந்து பயன்படும் பொருள் இவற்றில் எதிலும் அடங்குவதில்லை. அதற்கு விலையும் இல்லை, புகழும் இல்லை. இன்றும் ஒரு நூலகத்தின் மூலையில் மாணவர் ஒருவரைத் தாங்கிக்கொண்டிருக்கும் நாற்காலி, சந்தையின் கண்ணுக்கும் பாரம்பரியத் துறையின் கண்ணுக்கும் ஒரே விதமாகத் தவறாகத் தெரிகிறது: ஒன்று அதை விற்க நினைக்கிறது, மற்றொன்று அதைக் கண்ணாடிக்குள் வைக்க நினைக்கிறது.

பேணல் என்ற பெயரில் பயன்பாட்டை நிறுத்துவதன் ஆபத்தும் இதுவே. அமரக் கூடாத நாற்காலியின் இடத்தில் அமர இன்னொரு நாற்காலி வாங்க வேண்டும். விலை உயர்ந்ததால் பூட்டப்பட்ட அறைகலன், சூழலியல் கணக்கில் கழிக்கப்பட்ட அறைகலனுக்கு நிகரானதே. இரண்டு நிலையிலும் புதிதாக ஒரு மரம் வெட்டப்படுகிறது, அல்லது நெகிழி வார்க்கப்படுகிறது. இந்நாற்காலிகளின் புகழைத் தொடர்ந்து இந்தியாவிலும் வெளிநாட்டிலும் அவற்றின் பிரதிகள் இப்போது பெருமளவில் செய்யப்படுகின்றன. தேர்ந்த தச்சருக்கு அவை வேலை தருகின்றன என்பது நன்மையே. ஆனால் பழைய தேக்கு மாடியில் மக்க விடப்பட்ட நாட்டில், அதன் சாயலைப் பெறுவதற்காகப் புதிய தேக்கு அறுக்கப்படுகிறது என்ற முரண் ஆராயத்தக்கது.

நீடித்த உள்ளலங்காரத்தைப் பற்றிய இன்றைய பேச்சு பெரும்பாலும் எதை வாங்குவது என்பதைச் சுற்றியே நிகழ்கிறது: எந்த மரம், எந்த முத்திரை, எந்தச் சான்றிதழ். சண்டிகரில் வாங்கப்பட்டது நல்ல மரம், வடிவமும் நன்று, செய்தவர்களும் தேர்ந்தவர்கள். ஐம்பது ஆண்டுக்குப் பின் அவற்றைக் காக்க அவை மூன்றும் போதவில்லை. பின்னுபவரின் பணியிடம் நீக்கப்படாமல் இருந்திருந்தால், பிரம்புக்கான சிறு தொகை ஆண்டுதோறும் ஒதுக்கப்பட்டிருந்தால், 'பழுதுபார்த்துப் பயன்படுத்தத் தக்கது' என்ற ஒரு பத்தி இருப்புப் பதிவேட்டில் இருந்திருந்தால், இவ்வரலாறு வேறாக இருந்திருக்கும்.

இக்கூற்று சண்டிகரோடு நிற்பதன்று. இந்தியாவின் பழைய பல்கலைக்கழகங்கள், நீதிமன்றங்கள், ஆட்சியர் அலுவலகங்கள், ரயில் நிலைய ஓய்வறைகள் ஆகியவற்றின் கிடங்குகளில் புகழ்பெற்ற பெயர் எதுவும் ஒட்டாத மேசைகளும் விசிப்பலகைகளும் அலமாரிகளும் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எந்த நாட்டு வணிகரும் வரப்போவதில்லை. அவற்றுக்காக எந்த அமைச்சகமும் ஆணை பிறப்பிக்கப்போவதில்லை. அவை எதிர்பார்ப்பது ஒரு தச்சரையும் ஒரு பின்னுவோரையும், அவ்விருவருக்கும் கூலி வழங்க இசையும் ஒரு கணக்குத் தலைப்பையும் மட்டுமே.